கொடுக்காத நோட்டீஸ்

“பாண்டிராஜ் வீட்டை இடிக்கப் போறோம்னு அவனுக்கு நோட்டீஸ் குடுத்தாச்சுன்னு நாளைக்குக் கோர்ட்ல சொல்லிருங்க மேடம்” என்றார் பேரூராட்சித் தலைவர்.

“குடுக்கலையே அண்ணாச்சி” என்றாள் ஆனந்தவள்ளி. தென்காசி நீதிமன்றத்தில் பேரூராட்சிக்கு அவள்தான் வக்கீல்.

“நாங்க சொல்லுததைப் பேசத்தானே உங்களை வச்சிருக்கு?”

“பேசுதேன். பொய் பேச மாட்டேன். இப்பம் நோட்டீஸ் குடுங்க, அவனும் பதில் சொல்லட்டும். புறம்போக்குன்னு ஆனா இடிங்க, நானே வாதாடுதேன்.”

“அவன் மேல என்ன இவ்வளவு இரக்கம்? வேற வக்கீலைப் போட்டுருவேன்.”

“போட்டுக்கிடுங்க.”

வழக்குக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தலைவர் அதைத் தொடவில்லை. அவர் குரல் இறங்கியது.

“உங்களுக்காவவும்தான் மேடம் இதைச் செய்யுதேன். புளியறையில குடிச்சிட்டு லாரி ஓட்டி உங்க மகனைக் கொன்னவன் அவன்தானே?”

ஆனந்தவள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“ஆமா அண்ணாச்சி. என் மகன் கேஸுக்கும் அதே கோர்ட்டு நியாயம் சொல்லும்னுதான் ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். அங்கனயே போய் நான் எப்படிப் பொய் சொல்லுவேன்?”