ஊமைப் பெடல்

மனைவி தினமும் ஒரு மணி நேரம் நம்மோடு பேச என்ன விலை? ஒரே ஒரு ஒயர்.

அவள் கிட்டாரைக் கரகரவென்று உறும வைக்க, ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வீட்டிலேயே செய்கிறோம். நான் ஒயர்களைச் சால்டர் வைத்துப் பற்றவைப்பேன். அவள் டார்ச் பிடித்தபடி ஊர்க்கதை பேசுவாள். பெடல் தயாராகிவிட்டால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அதனால் போன மாதமே ரகசியமாக ஒரு ஒயரைக் கழற்றிவிட்டேன்.

"இன்னைக்கும் ஊமையா? பெரிய மெக்கானிக்தான், போங்க!" என்று பெருமூச்சு விட்டாள்.

மனசு உறுத்தியது. மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் அந்த ஒயரைப் பற்றவைத்து, பெடலை மிதித்துக் கிட்டாரை மீட்டினேன். சத்தமே இல்லை. உள்ளே நான் தொடாத இன்னொரு ஒயர் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது.

தலை துவட்டியபடி வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அவசரப்பட்டு அதை ஒட்டிடாதீங்க. சாயங்காலம் டார்ச்சோட வர்றேன்."

கழற்றியது என் பேரில் ஒன்று, வெட்டியது அவள் பேரில் ஒன்று. கணக்கு நேர்.