ஏழு இலட்சத்தில் ஒருத்தி

“பாட்டு நல்லாயிரிக்கு எண்டுதான் சொல்றன்,” என்றாள் மேனுகா ஃபோனில்.

“எந்த இடம்?” என்று கேட்டான் உதயரூபன்.

“எல்லா இடமும்தான்,” என்றாள். “இஞ்ச சுவிஸ்ல எங்கட ஆக்கள் எல்லாம் அதைத்தான் போடுறாங்க. ஆர் செத்தாலும் நீதான் பாடுறாய்.”

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. நான்கு வருடங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறான். அதுவும் அவனுக்கு வந்த அழைப்பு அல்ல.

செங்கலடிச் சந்தியில் இருக்கும் அவனுடைய நண்பன் விஜிதரனின் அச்சுக்கடைக்குத்தான் அவள் ஃபோன் எடுத்திருந்தாள். போன மாதம் குருக்கள்மடத்தில் அவளுடைய அப்பா இறந்துபோனார். சுவிஸ் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அவளால் வர முடியவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவஞ்சலி வீடியோவாவது செய்துவிட வேண்டும் என்று படங்களை அனுப்பியிருந்தாள். என்ன பாட்டு என்ற பேச்சு வந்ததும், “பாடினவனே இஞ்சதான் நிக்கான், கதைங்க” என்று விஜிதரன் ஃபோனை நீட்டிவிட்டான்.

அந்தப் பாட்டை உதயரூபன் அவளுக்காகத்தான் எழுதினான்.

மெல்லிய கிட்டார், அவசரப்படாத ட்ரம்ஸ், நான்கு நிமிடம். வந்தாறுமூலையில் கூடப் படித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில் பதிவு செய்து, யூடியூபில் சிங்கிளாக விட்டான். அவனிடம் வேறு பாட்டும் இல்லை. போனவளின் காதில் விழுந்தால் போதும் என்று நினைத்தான்.

ஒன்பது மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

பிறகு ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் இறந்தார்.

நினைவஞ்சலி வீடியோவுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டால், உரிமை இல்லையென்று பேஸ்புக் சத்தத்தை நிறுத்திவிடும். கனடாவில் இருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்பா ஊமைப் படத்தில் வந்து போவார். ஆகவே விஜிதரன், யாரும் உரிமை கேட்டு வராத ஒரு சோகப் பாட்டைத் தேடினான். கிடைத்தது நண்பனின் பாட்டு; அவனிடம் கேட்கக்கூட இல்லை.

அதிபரிடம் படித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை என்று எல்லாக் கடைகளும் அதையே எடுத்தன. ஏழு இலட்சம் தாண்டியது. கொழும்பு வானொலி ஒன்று அதை மாதத்தின் சிங்கிள் என்றது. காதல் பாட்டின் கீழே ஆழ்ந்த அனுதாபங்கள் குவிந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: “தம்பி, பாட்டில வாற அம்மா எப்ப தவறினவ?”

“காதலிக்கிறவன் தனியக் கேப்பான். செத்தவீடு எண்டா ஊரே கேக்கும். எனக்கு நீ நன்றி சொல்லோணும்” என்றான் விஜிதரன்.

உதயரூபன் சில நாட்கள் அவனோடு பேசவில்லை. ஆனால் பாட்டை எடு என்றும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை பேரின் இழப்புகளுக்கு நடுவே, எங்கேயாவது ஒன்றில் அவளும் கேட்டுவிடக் கூடும்.

இப்போது கேட்டுவிட்டாள். அது தன்னைப் பற்றியது என்று தெரிந்துகொண்டாளா என்பது மட்டும்தான் மிச்சம்.

கடையின் பெரிய அச்சு இயந்திரத்தில் யாரோ ஒருவரின் முகம் நெற்றியிலிருந்து மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்ற விஜிதரன், ஸ்பீக்கரில் போடு என்று கையைக் காட்டினான். உதயரூபன் திரும்பி நின்றுகொண்டான்.

“அப்பாட செத்தவீட்டுக்கு நீ வந்தாயாம். தங்கச்சி சொன்னாள்.”

“ஓம். பின்னால நிண்டன்.”

“அவருக்கு உன்னைக் கண்டாலே புடிக்காதெண்டு தெரிஞ்சும்.”

“அண்டைக்கு அவர் ஒண்டும் சொல்லல்ல.”

இந்த முறை அவள் சிரித்தது கேட்டது. தொடர்ந்து மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

“மேனு,” என்றான். “அந்தப் பாட்டு...”

“அப்பாக்கு அதையே போடுவம் எண்டு மாமியாக்களும் சொல்றாங்க,” என்று அவள் அவசரமாகச் சொன்னாள். “ஞாயிற்றுக்கிழமை இஞ்ச ஒரு மண்டபம் எடுத்திரிக்கம். பெரிய திரையில போடுவம். சனம் வரும். இவரும் நிப்பார்.”

இவர் என்பது அவளுடைய கணவன். பெயர் அவனுக்குத் தெரியும். கேட்கவில்லை.

“போடுங்க,” என்றான், எல்லோருக்கும் சொல்வதைப் போலவே. “விஜியிட்ட சொல்லிவிடுறன்.”

அவ்வளவுதான் போலிருந்தது. அவளும் மற்ற எல்லோரையும் போலத்தான் கேட்டிருக்கிறாள். அழ வேண்டியிருந்த ஒரு நாளில், அழுவதற்குத் தோதாக ஒரு பாட்டு. ஃபோனை விஜிதரனிடம் நீட்டப் போனான்.

“உதயா.”

“ம்.”

“ரெண்டாவது சரணம் இல்லாம ஒண்டு தரேலுமா?”

இரண்டாவது சரணத்தை யாரும் கவனித்ததில்லை. அதில் மழை பெய்யும். செட்டிபாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் இருவர், ஒரு வெறும் யூரியாப் பையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்திருப்பார்கள். பஸ் வரும். ஏறமாட்டார்கள். அடுத்ததும் வரும்.

உதயரூபன் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தான்.

“அந்த மழையை நான் இவருக்குச் சொல்லியிரிக்கன்,” என்றாள் மேனுகா. “அதை மட்டும் எடுத்திட்டுத் தா, உதயா.”