கல்லைத் தாண்டிய சோடா மூடி

மறுநாள் பரம வைரியான பக்கத்துக் கல்லூரியோடு கால்பந்து. புதிதாக வந்த கோச் மணலில் மைதானம் வரைந்து, கோலைக் காக்கப் பழைய கோச் விட்டுப்போன கூழாங்கல்லை வைத்தார். எதிரணிக்கு, அதனோடு கிடந்த சோடா மூடி.

கல் பெருமூச்சு விட்டது. “பழைய கோச் இருந்தாரே, அது பொற்காலம்! இந்த மணலில் ஒரு தடவையாவது என்னைத் தாண்டியிருப்பாயா?”

“அவர் விரல் என்னை நேராக உன்மேல்தானே கொண்டுவந்து முட்டும்” என்றது மூடி. “மறுநாள் தோற்றுவிட்டு வந்து, நம் இரண்டு பேரையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்த வெற்றிலை வாசனை இன்னும் என்மேல் இருக்கிறது.”

“என்மேலும்தான்.”

புது கோச் மூடியைத் தொட்டார். அது கல்லைச் சுற்றிக்கொண்டு போய்க் கோலுக்குள் நின்றது.

கல் திடுக்கிட்டது. “இந்த வழி எப்போதிலிருந்து இருக்கிறது?”

“உன் பொற்காலத்திலிருந்தே” என்றது மூடி.