இரண்டாவது ஆள்

"பதினெட்டு வருஷத்துல இந்தக் கம்பெனிக்கு நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனைவி கேட்டாள்.

ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்டோர்ல ஒரு போல்ட்டுகூடத் தொலைஞ்சதில்ல சார். எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"தப்பு. நாலு தடவை சொல்லிட்டேன். நாளைக்கு இன்டர்வியூல காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

"வாயில தானா வந்துடுதும்மா."

"வரக் கூடாது. திருதிருன்னு முழிக்கணும். சூப்பர்வைசர் வேலை மேனேஜரோட மருமகனுக்குன்னு முடிவாயிடுச்சு. கணக்குக்கு இன்னொரு ஆள் வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நல்லா பதில் சொன்னா இருக்கிற வேலையும் போயிடும்னு மேனேஜரே சொல்லிட்டாரில்ல?"

அவர் தலையாட்டினார். ஒத்திகை தொடர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கேள்வி கேட்டாங்களா? முழிச்சீங்களா?"

"முழிச்சேன்."

"அப்பாடா. நடிக்க வராதோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"நடிக்கலம்மா," என்றார் அவர். "பதினெட்டு வருஷத்துல என்ன செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். நிஜமாவே ஒண்ணும் வரல."