காலி நாற்காலி, பெரிய அளவு

முப்பத்தெட்டாவது வாடிக்கையாளரும் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

'காலி நாற்காலி, கேன்வாஸ், பெரிய அளவு.' எங்கள் ஆன்லைன் கடையின் வீட்டு அலங்காரப் பிரிவுக்கு நான்தான் மேலாளர். சோபா நிறத்துக்குப் பொருத்தமாக ஜனங்கள் ஓவியம் தேடுவார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவரை என் கண்காட்சியை விட்டே விரட்டியிருக்கிறேன். அதெல்லாம் அப்போது.

திருப்பி அனுப்பும் காரணத்தை, எல்லோரும் கூடிப் பேசிவைத்த மாதிரி ஒன்றாகவே எழுதியிருந்தார்கள். நாற்காலி காலியாக இல்லை. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பிரிண்டிங் கோளாறு மேடம்," என்றாள் படங்களைச் சரிபார்க்கும் பெண். "பெருசா அடிச்சா ஏதோ உருவம் தெரியுது. ஃபைல்ல அழிச்சிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலைதான்."

கோளாறாம். அந்தப் படத்தை வரைந்தவளே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது.

அந்த நாற்காலியில் இருந்தது என் தங்கை.

அன்று காலையிலிருந்தே எங்களுக்குள் சண்டை. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். எழுந்து போகும்போது, "உன் படத்துக்குத்தான் நான் வேணும். எனக்கு ஒண்ணுன்னா நீ எப்பவாவது இருந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். வண்ணம் காயக் காத்திருந்தேன். பிறகு சாம்பல் நிறத்தைக் குழைத்து அவளை அப்படியே மறைத்துப் பூசி, நாற்காலியை மட்டும் திரும்ப வரைந்தேன். முடித்தபோது மாலை ஆறு மணி. அவள் போன பேருந்து கவிழ்ந்த செய்தி ஆறேகாலுக்கு வந்தது.

அடியிலிருக்கும் தடிப்பைச் சுரண்டாமல் மேலே பூசினால், பழைய உருவம் ஒருநாள் மேலே தெரியும். ஓவியக் கல்லூரியில் முதல் வருடப் பாடம். ஆத்திரத்தில் மறந்து தொலைத்தேன்.

அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை. இருந்த ஓவியங்களை மொத்தமாக ஒரு பிரிண்ட் கம்பெனிக்குத் தள்ளிவிட்டு, அங்கேயே படங்களுக்குத் தலைப்பும் அளவும் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து, அவர்கள் படங்களையும் விற்கும் இந்தக் கடைக்கு. ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது அழித்தால் இது இரண்டாவது தடவை. அழிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நான் அம்மாவிடம்கூட வாய் திறந்ததில்லை.

"அழிச்சிடும்மா," என்றேன். சே, எப்பேர்ப்பட்ட கோழை நான்.

அவள் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல கண்ணை எடுத்துடறேன் மேடம். அதுதான் ரொம்பத் தெளிவா இருக்கு. நம்மளையே பாக்குது."

பாய்ந்துபோய் அவள் கையிலிருந்த மௌஸைப் பிடுங்கினேன்.

அன்று மூன்று மணி நேரமும் தங்கை ஜன்னல் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்புடி என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசிவரை திரும்பவில்லை.

நான் வரைந்தது அவள் முதுகை மட்டும்தான்.