முன்பக்க இடது வீல் கப்

“ஒரு கீறல் விழாமத் திருப்பித் தருவியா?”

கட்டாருக்குப் போகிற அன்று அபூசாலி காக்கா தன் தங்கை சபூறாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவள் “ஓம் காக்கா” என்றாள். கார்ச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு அவர் வேனில் ஏறிவிட்டார்.

நாளை மறுநாள் அவர் வருகிறார். சபூறாவின் மகளுக்கும் தன் மகனுக்கும் கலியாண நாள் குறிக்கத்தான் வருகிறார். அவருடைய மனைவிக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. கலைத்துவிட ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும்.

அந்தச் சாட்டு இப்போது முற்றத்தில் நின்றது. காரின் முன்பக்க இடது சக்கரத்தை மூடியிருக்கும் வீல் கப்பைக் காணவில்லை. காக்கா முந்திய பயணமொன்றில் கட்டாரிலிருந்து துணிகளுக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்த நாலில் ஒன்று.

சனிக்கிழமை சேர்விஸுக்கு விட்ட காரைப் பின்னேரம் எடுத்து வந்தவன் மகன் பர்ஸான். ஞாயிறு காலை முற்றம் கூட்டும்போதுதான் சபூறா அதைக் கண்டாள். கராஜ்காரன் கழட்டியதைத் திரும்பப் பூட்ட மறந்திருப்பான் என்று பர்ஸான் படுக்கையிலிருந்தே சொன்னான்.

அவள் கராஜுக்கு ஓடினாள். கராஜ்காரர் ஜவுபர் டயர்க் குவியலையெல்லாம் கிளறிக் காட்டினார். “கழட்டின நாலையும் நான்தான் அமத்திப் பூட்டின. கார் போகக்குள்ள நாலும் இருந்திச்சி” என்றார்.

சபூறா நம்பவில்லை. ரோட்டில் போகிறவர்கள் கேட்க அவரைக் கள்ளன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, மகள் காணாமல் அடுப்படியில் இருந்து அழுதாள்.

தேடுவதை விட்டுவிடச் சொன்னான் பர்ஸான். கல்முனைக் கடைகளில் இதே மாதிரி இருக்கிறது, இப்போதே போகிறேன், நாலையும் மாற்றிவிடுவோம் என்று அன்று முழுக்க அதையே சொன்னான். சோறும் தின்னவில்லை. ராத்தாவின் கலியாணத்துக்காகத் தம்பி இப்படித் துடிக்கிறானே என்று சபூறாவுக்கு நெஞ்சு கரைந்தது.

ஆனாலும் அவள் சம்மதிக்கவில்லை. காக்கா வந்ததும் காரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பார். வேறு சாமான் என்றால் அவருடைய விரலுக்கே தெரிந்துவிடும். தொலைத்தது போதாதென்று ஏமாற்றவும் பார்த்தார்கள் என்று ஆகிவிடும்.

திங்கட்கிழமை பகல் அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டாள். மோதிரம் தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் அந்த ஊரில் அதுதான் வழி. மோதினாரிடம் சொன்னால், தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்.

பர்ஸான் கேற்றை மறித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குப் பள்ளியில சொல்லுவாங்களா உம்மா? ஊரே சிரிக்கும்.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். வாப்பா இல்லாத புள்ளக்கி இத விட்டா வேற மாப்பிள்ள எங்க இருந்து வரும்? தள்ளு மகன்.”

அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டுப் போனாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கி அறிவித்தது. வெள்ளைக் கார், முன்பக்க இடது வீல் கப், சனிக்கிழமை தொலைந்தது, கண்டெடுத்தவர்கள் கடற்கரைப் பக்கம் மூன்றாம் ஒழுங்கையில் உள்ள சபூறாவின் வீட்டில் கொடுக்கவும். இரண்டு தடவை சொன்னார்கள்.

அரை மணித்தியாலத்தில் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் றஊப், பக்கத்து ஊர் என்றார். சேட்டின் பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டியிருந்தன. ஹாண்டிலில் தொங்கிய உரப்பையிலிருந்து அந்த வீல் கப்பை எடுத்து நீட்டினார்.

சபூறா அதைப் பறித்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் முழங்காலிட்டாள். இரண்டு கையாலும் வைத்து அமத்தினாள். ‘டக்’ என்று பொருந்தியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“வடிவாப் பாருங்க தங்கச்சி. உங்கடதானா?” என்று கேட்டார் றஊப்.

“வல்லாஹி, எங்கடதான். இந்த ஊரில வேற ஆர்க்கிட்டயும் இது இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். சனிக்கிழமை காரை யார் ஓட்டியது என்று கேட்டார். தன் மகன்தான், அவனைத் தவிர வேறு ஒருவரும் அதைத் தொடுவதில்லை என்று சபூறா பெருமையோடு சொன்னாள். பிறகு உள்ளே பார்த்து, வந்தவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரும்படி பர்ஸானைக் கூப்பிட்டாள்.

றஊப் போனை எடுத்து, சக்கரத்தையும் நம்பர் பிளேற்றையும் சேர்த்து ஒரு படம் பிடித்தார். பொருள் உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்று பள்ளிக்கு அனுப்பப் போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கராஜ்காரனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டேனே, அவரிடம் போய் மாப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள்.

“றஊப் நானா, நீங்க செஞ்ச உதவிய மௌத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டன். எங்க கிடந்திச்சி இது?”

றஊப் போனைச் சேட்டுப் பைக்குள் போட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு வாசற்படியில் வந்து நின்ற பர்ஸானைப் பார்த்தார்.

“என்ட புள்ள அடிபட்டுக் கிடந்த இடத்தில.”

சொல்லிவிட்டு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார். பர்ஸான் கோப்பையைப் படியில் வைத்தான். உம்மாவைப் பார்க்காமல் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் நடந்து போனான்.