பிரபுவின் கழுத்துப்பட்டை

ஐரோப்பாவில் பிரபுக்கள் தாம்பாள அகலத்துக்கு, மடிப்பு மடிப்பான துணிக் கழுத்துப்பட்டை கட்டித் திரிந்த காலம் அது. ஒரு பிரபு வீட்டில் இருந்த கோதுமை மாவையெல்லாம் காய்ச்சி, பட்டை விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டுவிட்டார்கள். மாவுப்பானையை நம்பியிருந்த சுண்டெலிக்கு வயிறு காய்ந்தது. ஐந்து குஞ்சுகள் வேறு.

ஆணியில் தொங்கிய பட்டையிடம் போய், “ஒரே ஒரு மடிப்பு கடிச்சுக்கட்டுமா, ஐயா? பிள்ளைங்க பசியில துடிக்குது,” என்று கெஞ்சியது.

“சீ, தள்ளிப் போ! என்னாலதான் பிரபுவோட தலையே நிமிர்ந்து நிக்குது.”

மதியம் விருந்து. பட்டையைத் தாண்டிப் பிரபுவின் கரண்டி வாய்க்கு எட்டவில்லை. அள்ளிய இறைச்சியெல்லாம் பட்டையில் விழுந்து தரைக்கு உருண்டது. குழம்பில் ஊறிப் பட்டையும் துவண்டு தொங்கியது.

மேசையடியில் சுண்டெலி குஞ்சுகளை அதட்டியது: “சிரிக்காதீங்கடா. பெரிய மனுஷர், தான் பட்டினி கிடந்து நமக்குப் போடுறார். பாவம், அவருக்கும் சேர்த்து ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க.”